ஐந்து நட்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

நம் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேலையைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். கியர்பாக்ஸ் இறக்குவது, ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்துவது, சேற்றில் சிக்கினால் இழுக்க முன்னால் வின்ச் கட்டுவது இதையெல்லாம் தலைமை மெக்கானிக் முனிராஜுவிடம் கற்றுக்கொள்வீர்கள். நான் எழுதினால் அவர் படித்துவிட்டுச் சிரிப்பார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, போன வருஷம் விலகிக்கொண்டவள் நான். முனிராஜுவைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது பயம். அதைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஷெட்டில் எனக்கு வைத்த பெயர் ‘ஹேண்ட்பிரேக்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஒருமுறை கம்ப்ரெஸர் திடீரென்று நின்றுபோன அமைதியில், “ஹேண்ட்பிரேக் வருது, டீயைக் கீழ வை” என்று ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி நடந்துவிட்டேன்.

பெயர் பொருத்தமானதுதான். சக்லேஷ்பூருக்குக் கிளம்பி நெலமங்கலா டோலைத் தாண்டிப் போய்விட்ட ஒரு வாடிக்கையாளரை, கியர் ஆயில் மூடியை இறுக்கினோமா என்ற சந்தேகத்தில் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறேன். இறுக்கித்தான் இருந்தது. இன்னொரு முறை முனிராஜு கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஸ்டியரிங் கம்பியின் நட்டு கழன்றுவிடாமல் செருகும் ஊசியைப் போட்டாரா என்று கேட்க நான் போன் செய்தது சரியாகத் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “போட்டேன் மேடம்” என்றார். ஒரு கையில் போனும் ஒரு கையில் அட்சதையுமாக அவர் நிற்பது அந்தக் கல்யாண வீடியோவில் இன்னும் இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் என் சந்தேகம் ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை. அது முனிராஜுவின் கைக்கு நற்சான்று. அதே சமயம், ஒவ்வொரு முறையும் என் வார்த்தையின் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அது எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் உண்மையாகவே அவசரம் வந்தபோதுதான் தெரிந்தது.

சொல்லப்போவது புரிய வேண்டுமானால் நட்டில் போடும் கோட்டைப் பற்றித் தெரிய வேண்டும். நம் ஷெட்டில் ஒரு நட்டை முழுதாக இறுக்கி முடித்தபின், நட்டிலிருந்து சக்கரம் வரை பெயின்டால் ஒரு சின்னக் கோடு போடுகிறோம். நட்டு அசைந்தால் கோடு முறிந்து தெரியும். ஆளுக்கொரு நிறம். முனிராஜுவுடையது சிவப்பு. கோடு போட்டவரே அந்த நட்டுக்குப் பொறுப்பு. கோட்டைப் பார்த்தால் அடுத்தவர் அதைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதில்லை. காகிதத்தில் போடும் கையெழுத்தைவிட அதற்கு இங்கே மரியாதை அதிகம்.

இனி என் பிள்ளை. நவீன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற வேலை, கழுத்துவலியைத் தவிர வேறு ஆபத்தில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அவன் ஒருநாள், ஆனேக்கல் பக்கத்துத் தோட்டத்தில் மாமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்த நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் வேகனை வாங்கிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. “உங்க ஷெட்லயே ரெடி பண்ணலாம்மா” என்றான், எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறவன்போல.

எட்டு மாதம் ஆயிற்று. முனிராஜுவைத் தவிர யாரும் அந்த வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. அப்படியும் தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர், “நீங்களே செஞ்சு குடுக்கற வண்டி, உனக்கே பயமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டார். கேள்வி நியாயமானது. ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கு இதே மாதிரி வண்டிகளைத் தயார் செய்து, “தைரியமா போய்ட்டு வாங்க” என்று எத்தனை பேருக்குக் கை காட்டியிருக்கிறேன். அந்தத் தைரியம் வீட்டுப் பிள்ளை என்றதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமை. தளிக்கு அப்பால் ஒரு தனியார் எஸ்டேட், அதில் கல்லும் மேடுமாக ஒரு மலைப்பாதை. நண்பர்களின் வண்டிகள் மூன்று, இவனுடையது ஒன்று. எட்டு மணிக்கு ஷெட்டிலிருந்து கிளம்புவதாகத் திட்டம். முந்தின நாளே முனிராஜு எல்லாவற்றையும் முடித்து, இருபது நட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

நான் ஆறரைக்கு வந்து ஷட்டரைத் திறந்தேன். சும்மா ஒருமுறை சுற்றிப் பார்க்கத்தான் வந்தேன். முன் இடது சக்கரத்துக்கு நேரே நின்றதும் மனசுக்குள் ஒன்று தோன்றியது. நட்டு இறுகித்தான் இருக்கிறது, சரி. அதைத் தாங்கும் போல்ட்டில் விரிசல் இருந்தால்? வண்டி பழசு. கோழி முட்டையிட்ட வண்டி.

படித்தவள்தான் நான். ஓசூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. போல்ட்டையெல்லாம் முனிராஜு துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தது என் கண்ணெதிரே. ஆனால் பயம் வந்தால் படிப்பு பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஐந்து நட்டையும் கழற்றினேன், சக்கரத்தை இறக்கினேன், போல்ட்டுகளைப் பார்த்தேன். புதுசு மாதிரி இருந்தன. எனக்கே வெட்கமாகிவிட்டது. சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் சுழற்றி, வீல் ஸ்பேனரால் லேசாக ஒரு சுற்று கொடுத்தேன். வண்டியைக் கீழே இறக்கியபின்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். அது அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சின் வேலை. சரியான இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும். அந்த ரெஞ்ச் முனிராஜுவின் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில்.

அப்போது வாசலில் அவருடைய பைக் சத்தம் கேட்டது.

இந்த இடத்தை நீங்கள் நின்று படிக்க வேண்டும். அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. “முனிராஜு, பயமா இருந்துச்சு, கழட்டிப் பாத்தேன், கொஞ்சம் இறுக்கிக் குடுங்க” என்று சொல்லியிருந்தால் ஐந்து க்ளிக்கில் முடிந்திருக்கும். ஆனால் அந்த மனுஷர் எட்டு மாதம் செய்த வேலையை நான் திருட்டுத்தனமாகச் சோதித்தேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பதே எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது. அவர் வெளியே பக்கத்து டயர் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஜாக்கியை இறக்கினேன். பழைய கோடுகளைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்தேன். அவர் மேஜையிலிருந்த சிவப்புப் பெயின்டை எடுத்து, ஐந்து நட்டுக்கும் புதுசாகக் கோடு போட்டேன். அவர் டீ வாங்கப் போகும்போது ஸ்பேனரை வைத்து ஏறி மிதித்து இறுக்கிவிடலாம் என்று கணக்கு. என் கோடு அவருடையதைவிட நேராக வந்தது என்று ஒரு திருப்திகூட இருந்தது.

அன்றைக்கு அவர் டீயை பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார்.

பின்னாலேயே நவீனும் நண்பர்களும் வந்துவிட்டார்கள். பூஜை போட வேண்டும் என்று நான்தான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். கற்பூரம், பூசணிக்காய், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வண்டி நகரும்போது நாலும் ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. முன் இடது பழம் மட்டும் உருண்டுகொண்டே இருந்தது. மண்டியிட்டு, அதை மூன்று முறை நகர்த்தி, டயருக்கு நேர் நடுவில் நிறுத்தினேன். அதற்கு ஒரு சாண் மேலே ஐந்து நட்டுகள் என் மூக்குக்கு நேரே இருந்தன. நான் பழத்தைத்தான் பார்த்தேன்.

முனிராஜு வழக்கப்படி நாலு சக்கரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லா நட்டிலும் கோடு இருந்தது. போகலாம் என்று தலையசைத்தார். பழங்கள் நாலும் அழகாக நசுங்கின. நான் கை காட்டினேன்.

பத்து மணி வாக்கில் முனிராஜு வேறொரு வண்டிக்காக அலமாரியைத் திறந்து டார்க் ரெஞ்ச்சை எடுத்தார். சாவி திரும்பிய சத்தம் காதில் விழுந்தது. அந்த அலமாரியை அன்று காலை யாரும் திறக்கவில்லை; பூஜை மும்முரத்தில் மறந்தே போயிருந்த ஐந்து நட்டும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இதை எழுதும்போதுகூட ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நவீனுக்குப் போன் போகவில்லை. நண்பர்கள் மூன்று பேருக்கும் போகவில்லை. மலையடிவாரத்தில் டவர் கிடையாது.

முனிராஜுவிடம் போய், உடனே நவீன் பின்னால் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். மனசு சரியில்லை என்றேன்.

“போன மாசமும் சரியில்ல மேடம்” என்றார் அவர், ரெஞ்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். “சும்னே இருங்க. புள்ள நல்லா ஓட்டுவான்.”

சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். நான் விடவில்லை. பிரேக் ஆயில் குறைவாக இருந்த மாதிரி இருக்கிறது என்றேன். நேற்று அவரே ஊற்றினார். பெல்ட்டில் சத்தம் கேட்டது என்றேன், பெல்ட் புதுசு. கனவு கண்டேன் என்றுகூடச் சொன்னேன். அவர் அடுத்த நட்டுக்குப் போய்விட்டார். மற்ற மெக்கானிக்குகள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எதைச் சொன்னாலும் யாரும் அசையப் போவதில்லை, உண்மை ஒன்றைத் தவிர என்று புரிந்தது. அதைச் சொல்லாமல் தப்பிக்க வழியுண்டா என்று அந்த நிலையிலும் என் புத்தி ஒரு சுற்று தேடியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

“காலைல முன்னாடி லெஃப்ட் வீலை நான் கழட்டினேன்” என்றேன். “கையாலதான் மாட்டியிருக்கு. இறுக்கல.”

அவர் நிமிர்ந்தார். “நான் பாத்தேனே. கோடு இருந்துச்சே.”

“கோடும் நான்தான் போட்டேன். உங்க செவப்புல.”

அவர் திட்டவில்லை. நட்டைக் கழற்றியதை அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார், கோடுதான் அவரைச் சுட்டது. அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு ஜாக்கி, ரெஞ்ச், ஒரு கை நிறைய நட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஓடுகிற நிலையில் எந்த வண்டி இருக்கிறது என்று கேட்டார்.

ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே ஒரு வண்டி. சைலன்ஸரை வெல்டிங்குக்குக் கழற்றி வைத்திருந்த ஒரு பழைய வேகன். முனிராஜு ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து டயர் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். சந்தாபுரா நெரிசலில் எங்களுக்குத் தானாகவே வழி கிடைத்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பின்னால் படித்த பெண்மணி போல ஒருத்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே போவதை அவர்கள் எதனோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்களோ தெரியாது. ஆமாம், பின்னால்தான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டும் வெல்டிங்குக்குப் போயிருந்தது.

அந்தச் சத்தத்தில் முனிராஜுவிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனேக்கல் தாண்டியதும் அவர் திரும்பி என்னவோ கத்தினார். இப்போதுதான் திட்டுகிறார், வாங்கிக்கொள்வோம் என்று முன்னால் சாய்ந்தேன்.

“தின்னர் டப்பாவ மூடி வச்சீங்களா?” என்று கேட்டார்.

மூடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். நவீன்தான். எனக்கில்லை, அவருக்குப் போன் செய்திருந்தான். காது இரண்டும் அடைத்துப் போயிருந்ததால் முனிராஜு ஸ்பீக்கரில் போட்டார்.

“முனி அண்ணா, பக்கத்துல அம்மா இருக்காங்களா?”

முனிராஜு என்னைப் பார்த்தார். “ஏன்பா?” என்று மட்டும் கேட்டார்.

“இருந்தா கொஞ்சம் தள்ளிப் போங்க. மண்ணுல ஏத்தறதுக்கு முன்னாடி பிடிப்புக்காக டயர்ல காத்து குறைக்கலாம்னு உக்காந்தேன். முன்னாடி லெஃப்ட்ல கோடெல்லாம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கெடக்குண்ணா. ஒரு நட்டு கையாலயே கழண்டு வருது. மறந்துட்டீங்க போல. டென்ஷன் ஆகாதீங்க, நான் டைட் பண்ணிட்டேன். இதைச் சொல்லத்தான் டவர் கெடைக்கற எடத்துக்கு நடந்து வந்தேன். அம்மாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உங்களை உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க.”

பிள்ளையின் குரல். முழுசாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கால் கை எல்லாம் சேர்ந்த ஒரு குரல்.

“ஆமாப்பா, மறந்துட்டேன்” என்று முனிராஜு சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உங்களிடம் மறைக்க வேண்டாம், இரண்டு விநாடி நான் அதற்காகக் காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நவீன், முனி அண்ணா மறக்கல” என்றேன். “நான்தான் கழட்டினேன். இறுக்க மறந்துட்டேன். அந்தக் கோடும் நான் போட்டதுதான்.”

“மா?” என்றான். பிறகு ரொம்ப மெதுவாக, “அப்ப மத்த மூணு வீலு?” என்று கேட்டான்.

“அதை நான் தொடல. அதெல்லாம் முனி அண்ணா பண்ணது. அதுல ஒண்ணும் இருக்காது.”

இதைக் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன். காலையில் செய்ததற்குப் பரிகாரமாக, அவர் காதுபடச் சொல்லிவிட்டேன் என்று நினைப்பு. முனிராஜு போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எல்லாத்தையும் பாருப்பா. நான் பண்ணதையும் பாரு. ஸ்பேனர் வச்சுப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. அது வரைக்கும் வண்டிய மேல ஏத்தாத.”

நவீன் திரும்ப மலையடிவாரத்துக்கு நடந்து போய், பார்த்துவிட்டு, மறுபடி டவர் இருக்கும் இடத்துக்கு நடந்து வர வேண்டும். அதுவரை நாங்கள் அங்கேயே இருந்தோம். உங்கள் வேலைமேல் எனக்குச் சந்தேகமில்லை என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“சந்தேகம் வரட்டும் மேடம். சாவி என் பாக்கெட்லதான் இருக்கு, கேட்டா குடுக்க மாட்டேனா? நானே டார்ச் புடிச்சிருப்பேன். பாக்கறதுல என்ன தப்பு. ஒளிஞ்சு பாத்துட்டு, என் கோட்டையும் போட்டுட்டீங்களே, அதுதான்.”

திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டில் சில விஷயங்கள் மாறின. வீட்டு வண்டியில் வீட்டு ஆள் கை வைப்பதில்லை. டார்க் ரெஞ்ச் பூட்டில்லாத கொக்கியில் தொங்குகிறது. யாருக்குப் பயம் வந்தாலும், முதல் நாள் சேர்ந்தவராக இருந்தாலும், கோடு போட்ட ஆளையே கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே மறுபடி இறுக்கிப் பார்க்கலாம். அவர் முகம் சுளிக்கக் கூடாது. நீங்கள் அப்படிக் கேட்கும்போது உங்களுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது தனியாக ஸ்பேனரை எடுக்காதீர்கள். அந்தக் கை நல்ல வேலையைக் கெடுக்கத்தான் செய்யும்.

அன்றைக்கு அந்தச் சாலையோரத்தில் இளநீர்க்காரர் எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். முனிராஜுவுக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

“அண்ணா, மத்த பதினஞ்சு நட்டும் கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணுகூட அசையல.”

“ஆயித்துப்பா, சரி, மெதுவா ஏறுங்க” என்று சொல்லிப் போனை வைத்தார் முனிராஜு. வைத்துவிட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, கழுத்து வியர்வையைத் துடைத்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். இளநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். அந்த ஷெட்டில் பயப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று அத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.